ஒரே ஒரு காப்பி

எங்க வீட்டுல யாராவது "புக்கு" என்று சொன்னாலே ஆயாவோட கை தானா கழுத்துக்குப் போகும். இப்போ அங்க இருக்கிறது ஒரு கறுப்பு மணிச் சரம். 1996-க்கு முன்னாடி அங்க மூணு சவரன் செயின் இருந்துச்சு. அந்தச் செயின் புக்கா மாறின கதைதான் இது. நடுவுல கொஞ்சம் பிரிண்டிங் டெக்னாலஜி வரும், கொஞ்சம் கணக்கும் வரும். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

ஒரு விஷயத்தை முதல்லயே ஒத்துக்கிறேன். நான் எல்.கே.ஜி.யிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். செகண்ட் லாங்குவேஜும் பிரெஞ்சு. நம்ம புதுச்சேரியில அது சகஜம், மார்க் வரும்னு எடுப்போம். அதனால தமிழ்ல பஸ் போர்டு படிப்பேன், சினிமா போஸ்டர் படிப்பேன், அதுக்கு மேல மூச்சு வாங்கும். இந்தக் கட்டுரையைக்கூட ரெண்டு பேர் திருத்தினாங்க. அதுல ஒருத்தர் தாத்தா.

தாத்தா ரோடியர் மில்லுல, அதாவது ஏ.எஃப்.டி.யில, நெசவுப் பிரிவுல இருந்தவர். மூலக்குளத்துலேர்ந்து தினமும் சைக்கிள்ல போய் வருவாராம். அவரோட அப்பாவும் மில் தொழிலாளிதான், சவானா மில். 1936 ஜூலை 30-ல அங்க நடந்த துப்பாக்கிச் சூட்டுல 12 தொழிலாளர்கள் செத்துப்போனது நமக்கெல்லாம் ஜி.கே. கேள்வி. தாத்தாவுக்கு அது அவங்க அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொன்ன கதை. அந்தக் கதைகளையும், தன்னோட மில் வாழ்க்கையையும், அந்தக் காலத்து மூலக்குளத்தையும் ஒரு லாங் சைஸ் நோட்டுல எழுதி வெச்சிருந்தார். 1996-ல அதைப் புத்தகமாப் போட்டார். 96 பக்கம், விலை 20 ரூபாய், 1,000 பிரதி. தலைப்பை இங்க போட வேணாம்னு சொல்லிட்டார். "விளம்பரம் மாதிரி இருக்கும் பாப்பா" என்றார்.

ஏன் 1,000? இதை நான் அவர்கிட்ட கேட்டப்போதான் எனக்கு முதல் பாடம் கிடைச்சது.

அப்போ டி.டி.பி. வந்தாச்சு, ஆனா அவருக்குத் தெரிஞ்ச பிரஸ்ஸுல இன்னும் ஈய எழுத்துதான். கம்பாசிட்டர் ஒவ்வொரு எழுத்தையும் பெட்டியிலேர்ந்து பொறுக்கிக் கோர்க்கணும். ட்ரெடில் மெஷின்ல ஒரு தடவைக்கு நாலு பக்கம். சின்ன பிரஸ்ஸுல மொத்தப் புத்தகத்துக்கும் எழுத்து இருக்காது. நாலு பக்கம் அடிச்சு முடிச்சதும் அந்த எழுத்தையெல்லாம் கழுவி, பிரிச்சு, திரும்பப் பெட்டியில போட்டாத்தான் அடுத்த நாலு பக்கம் கோர்க்க முடியும். அதாவது புத்தகம் அடிச்சு முடியும்போது முதல் பக்கம் உலகத்துலயே இருக்காது. இன்னும் பத்து காப்பி வேணும்னா மறுபடி முதல்லேர்ந்து கோர்க்கணும். அதனால எத்தனை பேர் படிப்பாங்கன்னு படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். பிரஸ்காரர், "ஐநூறு அடிச்சாலும் கோர்க்கிற கூலி ஒண்ணுதாங்க, ஆயிரமாவே அடிச்சிடுங்க"ன்னு சொல்லியிருக்கார். அவர் சொன்னது தப்பில்ல, கணக்கு அப்படித்தான்.

மொத்தச் செலவு 13,000 ரூபாய். சீட்டு எடுத்தது போக 8,000 குறைஞ்சது. ஆயா செயினைக் கழட்டிக் கொடுத்தாங்க. "ஆறு மாசத்துல மீட்டுடலாம்"னு தாத்தா சொன்னாராம்.

மீட்கல.

கட்டிலுக்குக் கீழே 640

தாத்தா சும்மா இருக்கல. மில்லுல ஷிப்ட் முடிஞ்சதும் சைக்கிள் கேரியர்ல 20 புத்தகம் கட்டிக்கிட்டுக் கிளம்புவார். ரெட்டியார்பாளையம், அரும்பார்த்தபுரம், வில்லியனூர், நெல்லித்தோப்பு. டீக்கடை, பள்ளிக்கூடம், யூனியன் ஆபீஸ், கல்யாண வீடுகூட விடல. ஆயா பாஷையில சொன்னா, "மொய் வைக்கிற எடத்துல புக்கு வெச்சுட்டு வந்த மனுசன்." கடைகள்ல கொடுத்ததுக்குப் பாதிக்குக் காசு வரல. இப்படி 360 காப்பி வெளிய போச்சு. மீதி 640 கட்டிலுக்குக் கீழ, கட்டுக் கட்டா, 15 வருஷம்.

2011 டிசம்பர் 30. தானே புயல். எனக்கு அப்போ எட்டு வயசு, சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு. ஓடு பறந்து தண்ணி உள்ள வந்து கட்டு மொத்தமும் ஊறிடுச்சு. ஒரு வாரம் வெயில்ல காய வெச்சுப் பார்த்தாங்க, பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. பழைய பேப்பர்காரர் 70 கிலோன்னு நிறுத்தார். ஈரப் பேப்பருக்குக் கிலோ ஆறு ரூபாய்தான். 420 ரூபாய். ஆயாவுக்கு அந்த எண் இன்னிக்கும் மறக்கல. மூணு சவரன் கொடுத்து 420 ரூபாய் வாங்கின வியாபாரம் எங்க குடும்பத்துல அது ஒண்ணுதான்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. தமிழ்ல பல காலமா ஒரு புத்தகம்னா முதல் பதிப்பு 1,000 இல்ல 1,200 பிரதின்னு ஒரு வழக்கம். கொஞ்சம் கடையில போகும், கொஞ்சம் புத்தகக் காட்சியில போகும், நூலக ஆணை வந்தா ஒரு பெரிய பங்கு அங்க போகும். ஆணை வரலன்னா குடோன்ல தூங்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல பல பதிப்பகங்களோட குடோன்ல தண்ணி புகுந்து புத்தகக் கட்டுகள் நாசமாச்சு. அடுத்த ஜனவரியில நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சியே தள்ளிப்போய் ஜூன்லதான் நடந்துச்சு. எங்க கட்டிலோட பெரிய சைஸ் அந்தக் குடோன்கள்.

ஜெராக்ஸ் கடைதான் குரு

போன வருஷம் செமஸ்டர் லீவுல பீரோவை ஒழிச்சப்போ அந்தப் புத்தகத்தோட ஒரே ஒரு காப்பி கிடைச்சது. அட்டை இல்ல. நடுவுல 33-லேர்ந்து 40 வரைக்கும் எட்டு பக்கம் கரையான் தின்னுடுச்சு. தாத்தாவுக்கு இப்போ கிளாக்கோமா. சின்ன எழுத்து தெரியாது. புத்தகத்தைக் கையில வாங்கி, படிக்காம, மோந்து பார்த்தார். "பாப்பா, நீ படி"ன்னார்.

நான் படிச்சேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம். "தறி"யைத் "தரி"ன்னு படிச்சேன். மூணாவது வரியிலேயே தாத்தா கண்ணை மூடிக்கிட்டு மனசுலேர்ந்து சொல்ல ஆரம்பிச்சுட்டார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டு அவர் சொல்றதைப் பின்தொடர்ந்தேன். ரொம்ப வெட்கமா இருந்துச்சு. என் சொந்தத் தாத்தா எழுதினதை அவரோட பேத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கிறா.

அப்போதான் காலேஜ் எதிர்ல இருக்கிற ஜெராக்ஸ் கடை ஞாபகம் வந்துச்சு. நாம என்ன பண்றோம்? சீனியர் நோட்ஸ் பி.டி.எஃப். வாட்ஸ்அப்ல அனுப்புறோம். கடைக்கார அண்ணா ஒரு காப்பி எடுத்து ஸ்பைரல் போட்டுத் தர்றார். அவர் யாருக்காகவும் 1,000 அடிச்சு அடுக்கி வைக்கிறதில்ல. கேட்டா அடிப்பார், கேட்கலன்னா ஃபைல் தூங்கும். இதுக்குத்தான் உலகம் முழுக்க பிரிண்ட் ஆன் டிமாண்ட்னு பேர். நாம முதல் வருஷத்துலேர்ந்து இதோட கஸ்டமர்.

சட்டப்படி இது சரியான்னு கேக்கலாம். டில்லி யூனிவர்சிட்டி பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை மேல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உட்பட மூணு பெரிய பதிப்பகங்கள் 2012-ல கேஸ் போட்டாங்க. பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளைச் சேர்த்து நகல் எடுத்துக் கொடுக்கிறது கல்விக்கான விலக்குல வரும்னு டில்லி ஹைகோர்ட் 2016-ல சொன்னது. 2017-ல பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்காக முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போடலாம்னு அர்த்தம் இல்ல. ஆனா தாத்தா புக்குக்கு உரிமை தாத்தாகிட்டயே இருக்கு, அந்தப் பிரச்சினை எங்களுக்கு இல்ல.

உண்மையான பி.ஓ.டி. மெஷின் நம்ம ஜெராக்ஸ் மெஷினோட பெரிய அண்ணன். ஜெராக்ஸ் கம்பெனி 1990-ல டாகுடெக்னு ஒண்ணு கொண்டு வந்தது. ஃபைல்லேர்ந்து நேரா வேகமா பக்கம் அடிக்கும். 1997-ல அமெரிக்காவுல இன்கிராம் கம்பெனி லைட்னிங் பிரிண்ட்னு ஆரம்பிச்சு, ஆர்டர் வந்த பிறகு ஒரே ஒரு காப்பி அடிச்சு அனுப்புறதையே தொழிலாக்கினது. பத்து வருஷம் கழிச்சு, கடைக்குள்ளயே கண் முன்னாடி புத்தகம் அடிச்சுத் தர்ற எஸ்பிரெஸ்ஸோ புக் மெஷின் வந்தது. இங்க பெங்களூருல போத்தி டாட் காம், சென்னையில 2012-ல நோஷன் பிரஸ். இப்போ தமிழ்ப் பதிப்பகங்களே 100, 50ன்னு அடிச்சு, தீரத் தீர அடிக்கிறாங்க.

வித்தியாசம் ரொம்ப சிம்பிள். ஆஃப்செட்டுல பிளேட் போடணும், மெஷின்ல மாட்டணும், மை சரியா வர்ற வரைக்கும் நிறைய தாள் வீணாக்கணும். இது முதல் காப்பிக்கு முன்னாடியே ஆகிற செலவு. அப்புறம் ஒவ்வொரு காப்பியும் மலிவு. டிஜிட்டல்ல பிளேட்டே கிடையாது. முதல் காப்பியும் ஆயிரமாவது காப்பியும் ஒரே விலை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் புரியறதுக்காக நான் வெச்சது. ஆஃப்செட்டுல ஆரம்பச் செலவு 24,000, அப்புறம் காப்பிக்கு 45. டிஜிட்டல்ல காப்பிக்கு 125. வித்தியாசம் 80. 24,000-ஐ 80-ஆல வகுத்தா 300. அதாவது 300 காப்பிக்குக் கீழ டிஜிட்டல் லாபம், மேல ஆஃப்செட் லாபம். 1,000 அடிச்சா ஆஃப்செட்டுல காப்பி 69 ரூபாய்தான். ஆஹா, சீப்!

ஆனா இங்கதான் தாத்தா மாட்டினார். அவர் அடிச்சது 1,000, போனது 360. அந்த 69,000-ஐ 360-ஆல வகுத்துப் பாருங்க. போன ஒவ்வொரு காப்பிக்கும் 192 ரூபாய் ஆகுது. 125 ரூபாய் டிஜிட்டல் காப்பி இதைவிட மலிவு. அடிச்ச காப்பிக்கு என்ன விலைன்னு பிரஸ் சொல்லும். வித்த காப்பிக்கு என்ன விலைன்னு கட்டில்தான் சொல்லும். ஓ.ஆர். பேப்பர்ல பேப்பர்காரப் பையன் எத்தனை பேப்பர் வாங்கணும்னு ஒரு ப்ராப்ளம் வருமே, அதேதான். நான் அதுல அஞ்சு மார்க் வாங்கினேன். தாத்தா செயினைக் கொடுத்தார்.

கொம்பு ஓடிப்போன கதை

சரி, புக்கைத் திரும்பக் கொண்டு வரலாம்னு முடிவு பண்ணேன். ஆயாகிட்ட சொல்லல. ராத்திரி ஆயா தூங்கினதும் தாத்தா சொல்லச் சொல்ல நான் போன்லயே டைப் பண்ணேன். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ் வர்ற கீபோர்டு. "ழ"வா "ள"வான்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் சந்தேகம். தாத்தா திட்ட மாட்டார், நாக்கை மடிச்சுக் காட்டுவார். மூணு மாசம் ஆச்சு. ஒரு கட்டத்துல நான் அவரை முந்திக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சேன். அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லிக்கல, ஆனா தாத்தா எனக்கும் சேர்த்து டீ போட்டார்.

காணாம போன எட்டு பக்கம்தான் பிரச்சினை. தாத்தாவுக்கே அது முழுசா ஞாபகம் இல்ல. அந்த எட்டு பக்கத்துலதான் அவங்க அப்பா சொன்ன 1936 கதை. "விடு பாப்பா"ன்னார். ஆனா அவர் குரல் விடல. அப்புறம் அரும்பார்த்தபுரத்துல அவரோட மில் சிநேகிதர் ஒருத்தர் வீட்டுக்குப் போனோம். அவர் இறந்து ஆறு வருஷம் ஆச்சு. அவரோட மருமகள் சாமி படத்துக்குப் பக்கத்துலேர்ந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வந்தாங்க. பாலிதீன் கவர் போட்டு, முதல் பக்கத்துல தாத்தா கையெழுத்தோட. "மாமா இதை யாருக்கும் தர மாட்டார்"னாங்க. அங்கயே உட்கார்ந்து எட்டு பக்கத்தையும் போட்டோ எடுத்தேன்.

இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில இதுக்கு வர்றேன்.

பக்கம் அமைச்சேன், அட்டை வரைஞ்சேன். ஐ.எஸ்.பி.என். இந்தியாவுல இலவசம், ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம். ஃபைலை அனுப்பினேன். எழுத்தைக் கொஞ்சம் பெருசா வெச்சதுல 112 பக்கம். காப்பி 118 ரூபாய், கூரியர் 70. என் பாக்கெட் மணிக்குள்ளயே முடிஞ்சது. ஆறாவது நாள் பார்சல் வந்தது. ஆயா மாடியில வடாம் காயப் போட்டிருந்தாங்க. நான் தாத்தா ரூமுக்கு ஓடினேன்.

தாத்தா பூதக்கண்ணாடி வெச்சு முதல் வரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பாப்பா, கொம்பு எங்க?"ன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புக்கு முழுக்க "கொ", "சொ", "போ" எல்லாம் உடைஞ்சிருந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நின்னுச்சு. காரணம் பின்னாடி தேடிக் கண்டுபிடிச்சேன். யூனிகோட்ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடிதான் சேமிக்கப்படும், காட்டும்போது சாஃப்ட்வேர்தான் முன்னாடி தள்ளணும். நான் பக்கம் அமைச்ச சாஃப்ட்வேர்ல இந்திய மொழிகளுக்குன்னு ஒரு தனி செட்டிங் இருக்கு, அதை நான் போடல. அதைவிட வெட்கம், ஃபைலை அனுப்புறதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை பார்த்தேன், என் கண்ணுக்கு எதுவுமே தப்பாத் தெரியல. பாதிப் பார்வை இருக்கிற தாத்தாவுக்கு ஒரே வரியில தெரிஞ்சது.

"ஆயிரம் அடிச்சியா?"ன்னு பயந்துகிட்டே கேட்டார்.

"இல்ல தாத்தா, ஒண்ணுதான்."

"ஒண்ணா?" அவர் முகம் மாறினதை நான் எப்பவும் மறக்க மாட்டேன். "ஒரே ஒரு காப்பி அடிச்சுத் தப்பு பார்க்கலாமா? இப்படி அப்போ இருந்திருந்தா..." அதுக்கு மேல சொல்லல. மாடிப்படி பக்கம் பார்த்தார்.

அவரோட 1996 புத்தகத்துல 61-ம் பக்கம் ஒரு பேர் தப்பா இருக்கும். 1,000 காப்பியிலயும் அதே தப்பு. வெளிய போன 360-லயும் கையாலயே பேனாவுல திருத்திக் கொடுத்திருக்கார். எனக்கு செட்டிங் மாத்த ரெண்டு நிமிஷம், இன்னொரு காப்பிக்கு 188 ரூபாய்.

அப்போ எல்லாம் சுபமா?

இங்கயே முடிச்சா இது விளம்பரம் ஆயிடும். அதனால மறுபக்கத்தையும் சொல்றேன்.

பாரதியார் புதுச்சேரியில பத்து வருஷம் இருந்துட்டு 1918-ல கிளம்பினார். 1920-ல கடையத்துலேர்ந்து நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னோட எழுத்தையெல்லாம் 40 புத்தகமாப் போடணும், ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, அதுக்குக் கடன் கொடுங்கன்னு. தீப்பெட்டி, மண்ணெண்ணெய் மாதிரி வீட்டுக்கு வீடு புத்தகம் போகணும்னு அவர் கனவு. மொத்தம் 4 லட்சம் பிரதி! நடக்கல. அடுத்த வருஷம் செத்துப்போயிட்டார். அவருக்கு பி.ஓ.டி. கிடைச்சிருந்தா கடன் கேட்டிருக்க வேணாம்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் யோசிச்சா, அவர் கேட்டது அச்சடிக்க மட்டும் இல்ல, வீட்டுக்கு வீடு போறதுக்கு. அதை எந்த மெஷினும் செய்யாது.

திருத்தின காப்பி வந்த பிறகு நான் புக்கை ஆன்லைன்ல போட்டேன். விலை 200. கடைக்கு மூணுல ஒரு பங்கு கழிவுன்னு வெச்சா 67 போச்சு, அச்சு 125 போச்சு, கையில எட்டு ரூபாய். சரி, லாபத்துக்காகவா பண்றோம். நாலு மாசத்துல வித்தது மொத்தம் ஏழு. அதுல அஞ்சு என் கிளாஸ்மேட்ஸ், அதுலயும் மூணு பேரால தமிழ்ல படிக்க முடியாது (யாருன்னு சொல்ல மாட்டேன், நீங்க இதைப் படிச்சுட்டு இருந்தா முன்னேற்றம்தான்).

தாத்தா 360 தள்ளினார். நான் ஏழு. அவருக்கு இன்ஸ்டாகிராம் இல்ல, சைக்கிள்தான் இருந்துச்சு. ஏன்னு எனக்கு இப்போ தெரியும். கட்டிலுக்குக் கீழ கட்டு இருந்தா தூக்கம் வராது. ஆயா தினமும் கழுத்தைத் தடவுவாங்க. அந்தப் பயம்தான் அவரை அரும்பார்த்தபுரத்துக்கும் வில்லியனூருக்கும் ஓட்டுச்சு. என் ஃபைல் லேப்டாப்ல இருக்கு, இடம் அடைக்கல, கரையான் தின்னாது, யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. நஷ்டம் இல்லாததால நானும் எழுந்திருக்கல. பி.ஓ.டி. புத்தகம் போடுறவரோட பயத்தை எடுத்துடுச்சு. அந்தப் பயம் செஞ்ச வேலையை யார் செய்யறதுன்னு அது சொல்லல.

இப்போ அந்த எட்டு பக்கத்துக்கு வர்றேன். தாத்தா 1990-களோட கடைசியில ஒரு சிநேகிதருக்குச் சும்மா கொடுத்த காப்பியாலதான் அந்த எட்டு பக்கம் பிழைச்சது. கணக்குப்படி அது நஷ்டத்துல எழுதின காப்பி. என்னை மாதிரி ஏழே காப்பி அடிச்சிருந்தா, அதுல ஒண்ணு சாமி படத்துக்குப் பக்கத்துல போயிருக்க வாய்ப்பு எவ்வளவு? ஃபைல் இருக்கேன்னு சொல்லலாம். நம்ம செகண்ட் இயர் ப்ராஜெக்ட் ஃபைல் இப்போ எங்க இருக்குன்னு கேட்டா எத்தனை பேர் பதில் சொல்லுவோம்?

பழைய காலத்துக்காரங்க இதுக்கு ஒரு நல்ல வழி வெச்சிருந்தாங்க. உ.வே.சா. 1887-ல சீவக சிந்தாமணி போட்டப்போ, அச்சுக்கு முன்னாடியே ஊர் ஊராப் போய், கடிதம் எழுதி, கையொப்பம் போடுறவங்களைச் சேர்த்தார். அவங்க காசு, அவங்க ஆர்வம், ரெண்டும் முன்னாடியே கையில வந்தது. இப்போ நாம ப்ரீ ஆர்டர்னு சொல்றது இதைத்தான். படிக்கிறவங்களை முதல்ல தேடு, அப்புறம் அச்சடி. பி.ஓ.டி.யும் அதையே செய்ய முடியும், ஆனா தேடுற வேலையை நாமதான் செய்யணும்.

அதனால இந்த மார்கழி லீவுல நான் 30 காப்பி வாங்கினேன். தாத்தாவோட பழைய லிஸ்ட் ஒண்ணு டைரியில இருந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்னு. ஸ்கூட்டியில அதே ரூட் போனேன். பாதிப் பேர் இல்ல. இருக்கிறவங்க வீட்டுல, "அந்த சைக்கிள் மாமா பேத்தியா?"ன்னு உள்ள கூப்பிட்டாங்க. 22 போச்சு. ஒரு வீட்டுல, அவங்க சொல்தா குடும்பம், பொண்ணு பிரான்ஸ்ல இருக்கா, அவளுக்கு ஒண்ணு வேணும்னாங்க. கூரியர் செலவு கேட்டா புக்கு விலையைப் போலப் பல மடங்கு. நான் ஃபைலை அனுப்பினேன். அந்த அக்கா பாரிஸ் பக்கத்துல ஒரு கடையில அடிச்சு பைண்ட் பண்ணி, போட்டோ அனுப்பினாங்க. மூலக்குளத்து மில் கதை பிரான்ஸ்ல அச்சாச்சு. 1761-ல இங்கிலீஷ்காரங்க புதுச்சேரியைப் பிடிச்சப்போ இங்க இருந்த பிரெஞ்சுக்காரங்க பிரிண்டிங் பிரஸ்ஸை அப்படியே மெட்ராஸுக்குத் தூக்கிட்டுப் போனாங்களாம். அப்போ புக்கு அடிக்கணும்னா மெஷினையே தூக்கணும். இப்போ ஃபைல் போதும்.

கடைசிப் பக்கம்

எல்லாத்துக்கும் அப்புறம் ஒரு வேலை பாக்கி இருந்தது. தாத்தா தன்னோட புக்கைத் தானே படிக்கணும். சாதாரணமா உள்ளே எழுத்து 11 பாயிண்ட், 12 பாயிண்ட்ல இருக்கும். நான் 24 பாயிண்ட்டுக்கு மாத்தினேன். 112 பக்கம் 300 பக்கத்தைத் தாண்டிடுச்சு, பெரிய சைஸ். ஒரே ஒரு காப்பி ஆர்டர் பண்ணேன். ஒரே ஒரு வாசகருக்கு ஒரு பதிப்பு. ஈய எழுத்து காலத்துல ஒரு ராஜாவுக்குக்கூட யாரும் இப்படி அடிச்சுக் கொடுத்திருக்க மாட்டாங்க.

பார்சல் வந்த அன்னிக்குத் தாத்தா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஆயாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க. நான் காலேஜ்லேர்ந்து வந்தப்போ ஆயா திண்ணையில உட்கார்ந்து மடியில அந்தப் புக்கை வெச்சிருந்தாங்க. விரல் வெச்சு, உதடு அசைய, படிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைவிட வேகமா. 28 வருஷத்துல அவங்க அதைத் திறந்ததே இல்ல. எனக்குக் கால் நடுங்குச்சு. திட்டு விழும்னு நின்னேன்.

ஆயா நிமிரல. "சவானா மில் மாமா கதையெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காரு"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "மில்லு சங்கு இருக்கு, டீக்கடை இருக்கு, அந்தப் பிரஸ்காரன்கூட நன்றியில இருக்கான். எஞ் செயின் எங்கயும் இல்லியே."

பின்னாடி தாத்தா வந்து நின்னுக்கிட்டிருந்தார். கண்ணுல மருந்து போட்டிருந்ததால தண்ணி வழிஞ்சுக்கிட்டிருந்தது. மருந்துன்னுதான் நானும் நினைச்சேன்.

ராத்திரி எட்டரைக்கு, ஆயா முழிச்சிருக்கும்போதே, தாத்தா ரூம் லைட்டைப் போட்டார். "பாப்பா, டைப் பண்ணு. நன்றிக்கு முன்னாடி ஒரு பக்கம் வரணும்"னார். அவர் சொன்னார், நான் அடிச்சேன். ஆயா வாசப்படியில நின்னு ரெண்டு இடத்துல திருத்தம் சொன்னாங்க. செயின் மூணு சவரன் இல்லையாம், மூணேகால்.

ஃபைலை மாத்திட்டேன். இனிமே அடிக்கிற ஒவ்வொரு காப்பியிலயும் அந்தப் பக்கம் இருக்கும்.